மூங்கிலாறு அணையில் மாற்றமில்லை

ஜூன் 9, திங்கள்

புத்தாண்டுக்கு ஒரு நிருபருக்கு வந்து சேரும் டைரிகளை வைத்து ஒரு சிறு கடை போடலாம். எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது இது ஒன்று. ஒரு கல்யாண மண்டபம் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "சுபகாரியங்களுக்கு அணுகவும். ஜெனரேட்டர் வசதி உண்டு" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதனால்தான் யாரும் கேட்கவில்லை போலும்.

இன்று முதல் இதில் எழுதக் காரணம் உண்டு. திருநெல்வேலியிலிருந்து செய்தி ஆசிரியர் வரதன் அழைத்தார். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

"என்ன நாயகம், போனைக் கிணத்துல போட்டுட்டீரா? மருத்துவ இணைப்புக்கு ஒரு முழுப் பக்கம் வேணும். மனச்சோர்வு, பதற்றம். அன்றாட வாழ்க்கைல அதைக் கண்டுபிடிக்கது எப்படி, சமாளிக்கது எப்படி. உள்ளூர்ல ஒரு ஆளைப் புடிச்சு அவரு கதையையும் போடும். பேரை மாத்திக்கிடலாம்."

தென்காசியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக அணை, அருவி, தேரோட்டம், வழிப்பறி எல்லாம் எழுதிவிட்டேன். மனம் எழுதியதில்லை. யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ நின்றது. பெரிய பையுடன் என் மனைவி உலகம்மாளின் தம்பி குத்தாலிங்கம் இறங்கினான். சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். வியாபார நேரத்தில் கடையை விட்டு நகராதவன்.

"என்னடே, திடீர்னு?"

"கடைக்கு வெள்ளையடிக்காவ அத்தான். தூசி ஒத்துக்கிடல. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஏதோ மறைக்கிறான்.

ஆள் கிடைத்துவிட்டார்.

வழக்கம்போல் பத்திரிகைக்கு அனுப்பியது: மூங்கிலாறு அணை நீர்மட்டம் 62 அடி. மாற்றமில்லை.

ஜூன் 12, வியாழன்

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பியூலாவைச் சந்தித்துப் பேட்டி எடுத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். அவசரப்படாமல் பேசுகிறார்.

"எல்லாருக்கும் மனசு கஷ்டப்படும் சார். அது நோய் இல்லை. ரெண்டு வாரத்துக்கு மேல, அநேகமா தினமும், எதுலயும் பிடிப்பு இல்லாம, செய்யற வேலை எல்லாம் மலையா தெரிஞ்சா அப்போ கவனிக்கணும். தூக்கம் கெடும், இல்லன்னா தூங்கிக்கிட்டே இருப்பாங்க. சாப்பாடும் அப்படித்தான். சும்மா இருக்கும்போதே அழுகை வரும். பதற்றம் கூட சேர்ந்தா காரணமே இல்லாம நெஞ்சு படபடக்கும். போன் அடிச்சா பயம். பாதிப் பேர் கேஸ் டிரபிள்னு சொல்லிக்கிட்டு ஈசிஜி எடுத்துட்டு அலைவாங்க."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஈசிஜி பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கு மே மாதம் எடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே அது கேஸ்தான்.

டாக்டரிடம் ஒரு குறை. கேள்வி கேட்பது யார் வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. நடுவில், "நீங்க கடைசியா எதை ரசிச்சுச் செஞ்சீங்க சார்?" என்றார். பேட்டி என்னைப் பற்றியது அல்ல என்று விளக்கினேன். தலையசைத்துவிட்டு என் சட்டையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தபின்தான் கவனித்தேன், பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. ஸ்கூட்டரில் வரும்போது காற்று பலமாக இருந்தது.

என் மைத்துனரின் நிலையைச் சுருக்கமாகச் சொன்னேன். "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். கதவு வரை வந்து, "நீங்களும் வாங்க" என்றார். மரியாதை தெரிந்தவர்.

அணை 62 அடி.

ஜூன் 14, சனி

குத்தாலிங்கத்தைக் கூர்ந்து கவனித்ததில் கிடைத்தவை:

தூக்கம் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழும்போதெல்லாம் கூடத்துப் பாயில் கண் விழித்துக் கிடக்கிறான். "என்ன அத்தான், தூக்கம் வரலியா?" என்று அவனே கேட்கிறான். தன் குறையை அடுத்தவர் மேல் ஏற்றிப் பேசுவது.

சாப்பாடு தாறுமாறு. இன்றைய சாம்பாரில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, மண்ணைக் கரைத்தது போல இருந்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அவன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, "பிரமாதம்க்கா" என்றான். அளவுக்கு மீறிச் சாப்பிடுவதும் ஓர் அறிகுறி.

தனிமைக்குப் பயம். நான் பொழுதுசாயும் நேரம் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் உட்காருவது வழக்கம். காற்றுக்காக. ஏப்ரலில் பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தைக் காலி செய்து, இனி அவரவர் வீட்டிலிருந்தே செய்தி அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்ரோல் மிச்சம். அதிலிருந்து மாடிதான். குத்தாலிங்கம் என் பின்னாலேயே ஏறி வருகிறான். எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து உட்காருகிறான். பேச்சில்லை. அவ்வளவு இடம் கிடக்கும்போது அங்கேதான் உட்காரவேண்டுமா என்று கேட்டால், "இங்கனதான் அத்தான் காத்து வருது" என்கிறான்.

பாவம். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவன்.

அணை 62 அடி.

ஜூன் 16, திங்கள்

மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு.

"எதுக்கு?" என்று உலகம்மாளிடம் கேட்டேன்.

"கொரங்கு வருதுங்க."

"கொரங்கு வேப்பமரத்து வழியால்லா வரும்? அது என்ன படியேறிக் கதவைத் தட்டிக்கிட்டா வருது?"

"இந்தக் கொரங்கு படியேறித்தான் வருது" என்றவள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. தம்பியின் நிலைமை அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வெளியே சொல்ல மனம் வரவில்லை. அவளுடைய முன்யோசனையை மனதுக்குள் பாராட்டினேன். சவரம் செய்ய நினைத்தேன், பிளேடு பெட்டியைக் காணவில்லை. அதையும் அவள்தான் எடுத்து வைத்திருப்பாள். தம்பி மேல் அவ்வளவு கவனம்.

ஜூன் 17, செவ்வாய்

அணை 62 அடி. மாற்றமில்லை.

ஜூன் 20, வெள்ளி

விவசாயிகள் குறைதீர் கூட்டம், கலெக்டர் அலுவலகம். குத்தாலிங்கமும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டான். கலெக்டர் ஆபீசை உள்ளே போய்ப் பார்த்ததே இல்லையாம். பாத்திரக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

வண்டியை நிறுத்திவிட்டுப் புங்கமரத்தடியில் சற்று நின்றோம். கேஸ் மேலே ஏறி நெஞ்சை அடைத்தது. உள்ளங்கை வேர்த்தது. கூட்ட அரங்கின் படிகளை ஆயிரம் தடவை ஏறியிருக்கிறேன். இன்று அவற்றைக் கொஞ்சம் செங்குத்தாக மாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது.

"உள்ள போவணுமா அத்தான்?"

"இரு, போவலாம்."

டீ குடித்தோம். மறுபடி மரத்தடிக்கு வந்தோம். குத்தாலிங்கம் மிகவும் சோர்ந்து தெரிந்ததால் அவனை முன்னிட்டு வீடு திரும்பினேன். "கூட்டம் வழக்கம்போல் நடந்தது" என்று நான்கு வரி அனுப்பினேன்.

ஜூன் 21, சனி

டீக்கடையிலிருந்து குத்தாலிங்கம் கொண்டுவந்து காட்டிய மற்ற பத்திரிகைகளில் முதல் பக்கம்: விவசாயிகள் நாற்றுக்கட்டுகளைக் கூட்ட அரங்கில் கொட்டி வெளிநடப்பு. படத்துடன்.

மிகைப்படுத்தியிருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

உலகம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன் என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, கோவிக்கக் கூடாது. அந்த டாக்டரம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வந்திருங்களேன்."

"போன வாரந்தான பாத்தேன்."

"பேட்டி எடுக்கல்லா போனிய. காட்டவா போனிய?"

"எனக்கு என்ன?"

கை நின்றது. "நீங்க சிரிச்சு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? வாசல்ல பேப்பர் வந்து கெடக்கு, எடுக்க மாட்டேங்கிய. நம்ம கல்யாணத்தன்னைக்கே தாலி கட்டிட்டு முத வேலையா பேப்பரைப் பிரிச்ச ஆளு."

குத்தாலிங்கமும் கதவோரம் நின்று, "அக்கா சொல்லுதது சரிதான் அத்தான்" என்றான்.

எங்கள் தொழிலில் ஒரு விதி. ஒருவர் சொன்னால் அது வதந்தி. சம்பந்தமில்லாத இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் செய்தி. உலகம்மாளும் குத்தாலிங்கமும் கூடப்பிறந்தவர்கள், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள், அடுக்களையில் குசுகுசுவென்று பேசிக்கொள்கிறவர்கள். எனவே இருவரும் ஒரே தரப்பு. இரண்டாவது தரப்பு உறுதி செய்யாத வரை இதை வெளியிட இயலாது. இதை அவர்களிடம் சொன்னேன்.

"நாசமாப் போச்சு" என்றாள் உலகம்மாள்.

ஜூன் 25, புதன்

மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்த சாரல் வலுத்துவிட்டது. மலையே தெரியவில்லை. தெருவில் எல்லோரும் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போகிறார்கள். குத்தாலிங்கம் என்னையும் கூப்பிட்டான். அருவியின் பெயரையே வைத்துக்கொண்டிருப்பவன், ஆசை இருக்கும். கூட்டமாக இருக்கும் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மாலையில் அடுக்களைப் பக்கம் போனால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்காவும் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடே?"

"வெங்காயம் அத்தான்."

இன்று அமாவாசை. எங்கள் வீட்டில் அமாவாசைக்கு வெங்காயம் உரிப்பதில்லை. பொய் சொல்லக்கூட மனம் நிலைகொள்ளவில்லை அவனுக்கு. அழுகை: டாக்டர் சொன்ன அறிகுறிகளில் அதுவும் உண்டு. இனித் தாமதிக்கக்கூடாது.

அணை 62 அடி. முன்பெல்லாம் காலையில் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுத்தான் போடுவேன். இப்போது போனை எடுத்தால் கை கனக்கிறது. ஒரு நாளில் பெரிதாக என்ன மாறிவிடப்போகிறது?

ஜூன் 28, சனி

திட்டம் தயார். குத்தாலிங்கத்திடம், "திங்கக்கெழம ஆஸ்பத்திரில ஒரு பேட்டி பாக்கி கெடக்கு. துணைக்கு வாரியா?" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன் அத்தான். எனக்கு முட்டு வலி. தனியாப் போவ ஒரு மாதிரி இருக்கு."

இவ்வளவு சுலபமாக மாட்டுவான் என்று நினைக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வரிசை வாசல் வரை நின்றது. குத்தாலிங்கம் எனக்கு முன்னால் நின்றான். நான் அவன் தோள் மேல் கை வைத்திருந்தேன், நழுவிவிடக் கூடாதே என்று. அவன் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தான். எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.

சீட்டு எழுதும் அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "எந்த டாக்டரு?"

"மனநலம்" என்றோம் இருவரும்.

"பேஷன்ட் பேரு?"

"குத்தாலிங்கம்" என்றேன் நான்.

"கோமதிநாயகம்" என்றான் அவன்.

சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த அம்மா முதல் முறையாக நிமிர்ந்தார்.

"ரெண்டு பேர்ல யாருக்கு?"

"இவருக்கு" என்று நான் அவனைக் காட்டினேன். அவன் என்னைக் காட்டினான். பின்னால் நின்ற பெரியவர், "ரெண்டு பேருக்குமே போடும்மா, நேரமாவுது" என்றார். வரிசை சிரித்தது.

"என்னடே வெளையாடுதியா? ஒன் முட்டு வலி என்னாச்சு?"

"ஒங்க பேட்டி என்னாச்சு?" சட்டை நுனியை அவன் இன்னும் விடவில்லை. "அத்தான், கடைக்கு வெள்ளையும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. மாப்பிள்ளையா வந்தன்னைக்கு இருந்து பாக்கேன், இந்த மனுசன் இப்பிடி இருந்ததில்லைடா, தனியா வச்சிருக்கப் பயமா இருக்கு, வாடான்னு அக்கா அழுதா. கடையைப் பூட்டிட்டு வந்து கெடக்கேன். நீங்க மூணு மணிக்கு எந்திரிக்கும்போது நான் தூங்கிரக் கூடாதுன்னு கண்ணுல தண்ணியத் தொட்டு வச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

அப்போது என் போன் அடித்தது. நெஞ்சு படபடத்தது. எடுக்காமல் விட்டிருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் குத்தாலிங்கத்தின் முகத்தைப் பார்ப்பதைவிடப் போன் எளிதாக இருந்தது.

"நிருபர் ஐயாங்களா? நான் கீழமூங்கிலாத்துல இருந்து வெள்ளப்பாண்டி பேசுதேன். விவசாயி. ஒங்கள நேர்ல பாத்ததில்ல. பேப்பர்ல ஒங்க நம்பரு இருந்துச்சு. அணை வாசிக்கதுக்குன்னே பேப்பர் வாங்குத ஆளு நான்."

"சொல்லுங்க."

"நேத்து சாயந்தரம் அணை நெறஞ்சிட்டுங்க. மறுகால் பாயுது. நாங்க பூப் போட்டுக் கும்பிட்டாச்சு. நீங்க இன்னைக்கும் அறுவத்திரெண்டுன்னு போட்டிருக்கிய. இந்த மாசம் பூராவும் அறுவத்திரெண்டுதான். ஒரு மாசம் மழை பேஞ்சும் ஏறாத அணையை நான் பாத்ததில்ல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கொறை சொல்லக் கூப்பிடலய்யா. பதினஞ்சு வருசமா ஒங்க கணக்கு ஒரு அடி கூடத் தப்புனதில்ல. அதான் வீட்டுல சொன்னேன், அந்த ஐயாவுக்கு ஏதோ ஒடம்புக்கு முடியல போலன்னு. நல்லா இருக்கியளா?"

வெள்ளப்பாண்டிக்கு உலகம்மாளைத் தெரியாது. குத்தாலிங்கத்தைத் தெரியாது. எங்கள் வீட்டுச் சோறு தின்னவர் இல்லை. உள்நோக்கம் எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது தரப்பு.

"இல்ல வெள்ளப்பாண்டி" என்றேன். "நல்லா இல்ல. ஆஸ்பத்திரிலதான் நிக்கேன்."

"அதான பாத்தேன். காட்டிட்டு வாங்க. அணை எங்கயும் போவாது."

போனை வைத்துவிட்டு, சீட்டு எழுதும் அம்மாவிடம் என் பெயரைச் சொன்னேன். வயது ஐம்பத்து மூன்று.

"அப்ப அவரு?"

"துணைக்கு வந்தவரு" என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று எழுதி முடிக்கவில்லை. கை வலித்தது.

டாக்டர் பியூலா என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. இந்த முறை கேள்விகள் அவருடையவை. நான் சுற்றி வளைத்தபோதெல்லாம் பொறுமையாகக் காத்திருந்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். நல்ல நிருபராக வந்திருப்பார்.

கடைசியில், "செத்துப் போகணும்னு தோணியிருக்கா சார்?" என்றார், ரத்த அழுத்தம் கேட்பது போல.

எத்தனையோ வீடுகளின் வாசலில் நின்று, இதைவிடக் கொடுமையான கேள்விகளை அடுத்தவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லும் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்ததில்லை.

"அப்படித் தோணல டாக்டர். காலைல முழிக்காமலே இருந்துட்டா பரவாயில்லைன்னு தோணும். சுவரோரம் உக்காரும்போது ரொம்ப."

குத்தாலிங்கம் வெளியே பெஞ்சில் இருந்தான். நல்லவேளை.

மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்றார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். இரவு ஒரு மாத்திரை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நடுவில் நானாக நிறுத்தக்கூடாது, சுவரோர எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் வீட்டில் சொல்லிவிட்டு உடனே வரவேண்டும். தினமும் ஒரு சின்ன வேலை. "பெரிசா வேண்டாம். செய்ய முடியற மாதிரி ஒண்ணு. எது முடியும்?"

"அணைக்குப் போன் பண்றது" என்றேன்.

"அதுல ஆரம்பிங்க."

வீட்டுக்கு வந்து வரதனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "மாசம் பூரா அறுபத்திரெண்டா? நான்தான்யா பக்கத்தைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் தெரியலியே" என்றார். பிறகு மெதுவாக, "அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கெழம பாப்பாங்களா?" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

மாத்திரையால் வாய் உலர்கிறது. வேறு மாற்றமில்லை. பொதுப்பணித் துறைக்குப் போன் செய்தேன். இரண்டு முறை எண்களை அழுத்தித் துண்டித்தேன், மூன்றாவது முறை பேசினேன். எடுத்தவர், "எங்க சார் ஆளையே காணும்?" என்றார்.

அணை 118 அடி. முழுக் கொள்ளளவு. பத்திரிகையில் திருத்தமும் வந்தது.

ஜூலை 9, புதன்

ஒன்றுமே செய்யவில்லை. போனும் இல்லை. குத்தாலிங்கம் அருகில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றான். ஏனென்று ஒன்றும் கேட்காமலே.

ஜூலை 20, ஞாயிறு

மருத்துவ இணைப்பு வந்துவிட்டது. முழுப் பக்கம். உள்ளூர்க்காரரின் கதையை நானே எழுதினேன்: பொத்தான் மாறிய சட்டை, படிகள், மாடிச் சுவர் எல்லாம். பெயரை மட்டும் மாற்றினேன்.

காலையில் குத்தாலிங்கம் பத்திரிகையுடன் ஓடி வந்தான்.

"அத்தான்! என்ன வேலை செஞ்சிருக்கிய? 'குத்தாலிங்கம், பெயர் மாற்றப்பட்டுள்ளது'ன்னு போட்டிருக்கிய! சங்கரன்கோவில்ல இருந்து மூணு பேரு போன் பண்ணி அழுவுதானுவ. கடை பூட்டிக் கெடந்ததுக்கு இதான் காரணமாம்!"

"அதான் பெயர் மாற்றப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கேன்லாடே."

"எம் பேருக்கா மாத்துவிய?"

அடுக்களையில் உலகம்மாள் சிரித்தாள். சத்தம் கேட்டு எனக்கும் வந்தது. சத்தமாக வரவில்லை, ஆனால் வந்தது. குத்தாலிங்கம் சண்டையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, சீக்கிரம் வா" என்று கத்தினான், கிரகணம் பிடித்ததைக் காட்டுகிறவன் போல.

ஜூலை 27, ஞாயிறு

குத்தாலிங்கத்தின் கடைக்கு வெள்ளையடித்து முடிந்துவிட்டதாம். சாயந்தர பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். போகிற வழியில் அணைக்கு நேரிலேயே போய் வந்தோம். வெள்ளப்பாண்டியைப் பார்த்தேன். நான் கற்பனை செய்ததைவிடக் குள்ளம். மதகருகே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குத்தாலிங்கம் எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றான். இந்த முறை நான் ஒன்றும் கேட்கவில்லை.

திருத்தம்: இந்த டைரியில் ஜூன் 14 அன்று, தூக்கமில்லாதவர் குத்தாலிங்கம் என்று வந்துள்ளது. கோமதிநாயகம் என்று படிக்கவும். அதே நாளில் சாம்பாரில் உப்பு இல்லை என்றது தவறு, உப்பு இருந்தது. ஜூன் 16 அன்று மாடிப் பூட்டு யாருக்காக என்ற விவரத்திலும், ஜூன் 20 அன்று சோர்ந்து தெரிந்தவர் யார் என்ற விவரத்திலும் பிழை நேர்ந்துள்ளது. ஜூன் 25 அன்று கண்ணீருக்குக் காரணம் வெங்காயம் அல்ல என்று எழுதியது மட்டும் சரி. தவறுகளுக்கு வருந்துகிறேன்.

அணை 117 அடி. ஓர் அடி குறைந்திருக்கிறது. பாசனத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பிளேடு பெட்டி திரும்பி வந்துவிட்டது. மாடிச் சாவி இன்னும் உலகம்மாளின் இடுப்பில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். குரங்கு வந்தாலும் வரும்.